மூக்கில் கொஞ்சம் கனம்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, மேடம். காவல் நிலையத்து நாற்காலி என்றால் ஏதாவது ஒரு கால் ஆடும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஆடவில்லை. தேநீர் மட்டும் வேண்டாம். மடியில் பெட்டி இருக்கிறது, சிந்தினால் கஷ்டம்.

வெளியே பெஞ்சில் நீலச் சட்டை போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் விஷயமாகத்தான் வந்தேன். ஸ்பேனர் இல்லாமல் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பெஞ்சின் ஆணியைத் திருகிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் தெருவுக்குக் குழாய் வேலை பார்ப்பவர். எந்தக் குழாயில் எந்தக் கோளாறு என்றாலும் முதலில் "வாஷர் போயிருக்கும்" என்பார். அதனால் எல்லோருக்கும் அவர் வாஷர் அண்ணன். எங்கள் வீட்டு மோதிரங்களைத் திருடினார் என்று அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் எடுக்கவில்லை. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் பெட்டியைத் தட்டிப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் உங்கள் காவலரிடம் சொல்லிவிடுங்கள்.

நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். பின்பக்கத்து அறை. முன்பு ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். உறைந்த மீன் பெட்டிகளை ஓர் அடுக்கிலிருந்து இறக்கி இன்னோர் அடுக்கில் ஏற்ற வேண்டும். எதற்கு என்று மேலாளரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. விட்டுவிட்டேன். அதற்கு முன்னால் படிப்பையும் இப்படித்தான் பாதியில் விட்டேன். நீச்சலையும் பாதியில் விட்டிருக்கிறேன், அதற்கு மட்டும் யாரோ வந்து இழுத்துப் போட வேண்டியிருந்தது.

அக்கா என்னைத் திட்டுவதில்லை. சாப்பாடு போடும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். "டேய், வாழ்க்கையில எதையாவது ஒண்ணே ஒண்ணை முழுசா முடிடா." நான் செய்த எல்லாவற்றுக்கும் அந்த வாக்கியம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் குற்றம் புரியாது.

ஒரு பெரிய போரில் தோற்றுக்கொண்டிருந்த நாடு ஒன்றின் பொறியாளர்கள் கடைசி நேரத்தில் வரைந்த விமானம் இது. காற்றாடி பின்னால் இருக்கும். இறக்கைகளும் பின்னால் தள்ளி இருக்கும். மூக்கு கோணி ஊசி மாதிரி நீண்டு போகும். அதற்குள் ஓட்டுகிறவன் குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். படத்தை வரைந்து முடித்தார்கள், போரும் முடிந்துவிட்டது. ஒரு திருகாணிகூட முடுக்கப்படவில்லை. அது தாளிலேயே தங்கிவிட்டது.

இப்போது எங்கோ ஒரு தொழிற்சாலை அதைச் சின்ன அளவில் பிளாஸ்டிக்கில் அச்சடித்து, பெட்டியில் போட்டு விற்கிறது. உதிரி உதிரியாக வரும். ஒவ்வொரு துண்டையும் அது ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கத்தரித்து, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். ஓட்டுகிறவனும் உள்ளே இருந்தான், நகத்தளவு பொம்மை, குப்புறப் படுத்தபடி. படுத்துக்கொண்டே பார்க்கும் வேலை என்று ஒன்று உலகத்தில் யோசிக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இதை முடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இப்படிச் சின்ன விமானங்கள் ஒட்டுகிற எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. தலைவர் ஒரு பல் டாக்டர். அவருடைய கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் அறையில் கூடுவோம். பல்லைத் துளைக்கும் கருவி வைத்திருப்பதால் அவருடைய விமானங்களில் ஓட்டைகள் மட்டும் மிகவும் நேர்த்தியாக இருக்கும். வாயைத் திறந்தால் குத்தல்தான். இறக்கைக்கு அடியில் நான் லேசாக எண்ணெய்க் கறை பூசியிருந்தேன். அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்ப்பா, இது பறக்கவே இல்லையே. கறை எப்படி வந்துச்சு?"

"பறந்திருந்தா வந்திருக்கும், டாக்டர்."

"பறந்திருந்தா விழுந்திருக்கும்ப்பா. கறை படியற அளவுக்கு நேரம் இருந்திருக்காது."

அவர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது, அதுதான் என்னைத் தின்றது. இந்த விமானத்துக்குப் பின்பக்கம் கனம் அதிகம். மூன்று சக்கரம், மூக்குக்கு அடியில் ஒன்று, நடுவில் இரண்டு. ஒட்டி முடித்துத் தரையில் வைத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும். சோறு கேட்கும் நாய் மாதிரி. அதற்காகத்தான் மூக்கை மூடி ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே ஏதாவது கனம் வைக்க வேண்டும். விளக்கத்தாளிலேயே மூக்கைக் காட்டி ஓர் எடைக்கல் படம் போட்டிருந்தார்கள். வைக்கத்தான் இடம் இல்லை. ஒரு மொச்சைக்கொட்டை கொள்ளும் அளவு குழிதான்.

தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டை நசுக்கி அடைத்து, இரண்டு பாதிகளையும் ரப்பர் வளையத்தால் கட்டி வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டது. இன்னும் திணித்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உட்கார்ந்தது. சங்கத்துக்கு எடுத்துப்போனால் டாக்டர் விடுவாரா.

"பைலட் மட்டும்தான் படுத்திருக்காருன்னு பார்த்தா, விமானமும் உட்கார்ந்துடுச்சேப்பா. ரெண்டு பேருக்கும் ஒரு காப்பி சொல்லவா?"

வரும் ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூடத்தில் எங்கள் கண்காட்சி. கட்டப்படாத விமானங்களுக்கு என்று தனியாக ஒரு மேஜை. சொந்தச் சக்கரங்களில் நிற்க வேண்டும் என்பது விதி. வாலுக்கு முட்டுக் கொடுத்தால் அதை மேஜைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். உண்மையாகவே மேஜைக்கு அடியில், மேடம். குனிந்துதான் பார்க்க வேண்டும். யாரும் குனிய மாட்டார்கள்.

டாக்டருடைய விமானங்கள் மட்டும் எப்படி நிற்கின்றன என்று ஒருநாள் தனியாகக் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "ஈயமெல்லாம் வேலைக்கு ஆகாதுப்பா. தங்கம். அதே குழியில ஒன்றரை மடங்குக்கு மேல கனம் பிடிக்கும். பழைய தங்கப் பல்லைப் பிடுங்கினா சில பேரு வேணாம்னு விட்டுட்டுப் போயிடுவாங்க." எனக்கு ஒரு பல் தருவீர்களா என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "அது எப்படிப்பா? ஒருத்தர் என்னை நம்பி வாயைத் திறந்து குடுத்தது. அதைத் தூக்கி உனக்குக் குடுத்தா நான் மனுஷனா?" அவருடைய கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனால் எனக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது.

வீட்டுப் பொருள்களை எடுத்துப் பயன்படுத்துவது எனக்குப் புதிதல்ல. அக்காவின் நகப்பூச்சு அழிப்பானை எடுத்திருக்கிறேன். அத்தானின் பல்துலக்கியை வைத்து விமானத்தின் வயிற்றை வண்ணக் கரைப்பானால் தேய்த்திருக்கிறேன். கழுவித் திருப்பி வைத்துவிட்டேன். அவர் அடுத்த நாள் காலையில் பற்பசை நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். வாய் மரத்துப் போகிறது, ஆனால் பல் வெளுத்திருக்கிறது என்றார். ஆகவே எதை எடுத்தாலும் அதனால் குடும்பத்துக்கு ஒரு நன்மையும் இருக்கும் என்பது என் அனுபவம்.

மோதிரம் போன அன்று காலையில் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் அண்ணன் வந்தார். "வாஷர்தான்க்கா" என்றார். மாற்றினார், கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு அக்கா பாத்திரம் துலக்க மோதிரத்தைக் கழற்றிச் சிங்குக்கு மேல் இருக்கும் ஜன்னல் கட்டையில் வைத்தாள். அவளும் அத்தானும் கல்யாணத்தில் மாற்றிக்கொண்ட ஜோடி மோதிரங்களில் ஒன்று. கொடி சுற்றிய மாதிரி வேலைப்பாடு. யாரோ அழைப்புமணி அடித்ததால் அவள் ஈரக்கையோடு வாசலுக்குப் போனாள். நான் தண்ணீர் குடிக்க வந்தேன்.

எடுக்க வேண்டும் என்று எடுக்கவில்லை. கையில் வைத்து எடை பார்த்தேன், அவ்வளவுதான். பிறகு கையில் இருக்கிறதே என்று அப்படியே அறைக்குப் போய், விமானத்தின் மூக்குக்கு மேல் சும்மா வைத்துப் பார்த்தேன். விமானம் மெல்ல முன்னால் தலைகுனிந்து மூன்று சக்கரங்களிலும் நின்றது.

மேடம், அந்தப் பொறியாளர்கள் எல்லோரும் சேர்ந்தும் அதை நிற்க வைக்கவில்லை. அது நின்ற ஒரே இடம் என் மேஜை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா கல்யாணத்தில்கூட நான் அழவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் மூக்கை ஒட்டி மூடிவிட்டேன். எங்கள் பசை சாதாரணப் பசை அல்ல. பிளாஸ்டிக்கையே உருக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். காய்ந்த பிறகு இரண்டு பாதி என்ற பேச்சே கிடையாது. கண்காட்சி முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது என்று மனத்தில் ஒரு திட்டம் இருந்தது. எப்படி என்பது மட்டும் அந்தத் திட்டத்தில் இல்லை.

அக்கா தேட ஆரம்பித்தாள். ஜன்னல் கட்டையில் வைத்ததே அவளுக்கு நினைவில்லை. விரலோடு இருந்தது, சோப்பில் நழுவிச் சிங்குக்குள் போயிருக்கும் என்றாள். வாஷர் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் ஓடி வந்தார்.

"பயப்படாதீங்கக்கா. அடியில ஒரு வளைகுழாய் இருக்கு பாருங்க, கனமான சாமான் எதுவும் அதைத் தாண்டாது. அங்கதான் கிடக்கும்."

கழற்றினார். ஒரு கரண்டி வந்தது, ஒரு பொத்தான் வந்தது, வேறொரு விமானத்துக்காக நான் தேடிக்கொண்டிருந்த ஒரு சின்னச் சக்கரம் வந்தது. மோதிரம் வரவில்லை. விரலை விட்டுத் துழாவிவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "இங்க இல்லைக்கா. சுத்தமாப் பார்த்துட்டேன்." அந்த வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். பின்னால் அதுதான் அவரைக் கவிழ்த்தது.

அதற்குப் பிறகு சிங்கையே எடுத்தார்கள். சுவருக்குள் போகும் குழாயைப் பார்க்கச் சுவரை உடைத்தார்கள். தரைக்கு அடியில் போவதைப் பார்க்க ஓடுகளைப் பெயர்த்தார்கள். வாஷர் அண்ணன் கொல்லையில் சாக்கடைக் குழிக்குள் இடுப்பளவு இறங்கினார். நான் டார்ச் பிடித்தேன். கை ஆடாமல் பிடித்தேன், அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

"குளியலறைப் பக்கம் போற குழாயையும் பார்த்துடலாமா மச்சான்?" என்று அத்தான் கேட்டார்.

"பார்த்துடலாம் அத்தான். சந்தேகம்னு ஒண்ணு இருக்கக் கூடாது" என்றேன்.

நல்ல யோசனை என்று தோளில் தட்டினார். அடுத்த சில நாள்கள் குளியலறையில் பாத்திரம் துலக்கிச் சமையலறையில் குளித்தோம். வீடு பிரிந்துகொண்டே போயிற்று, என் அறையில் விமானம் சேர்ந்துகொண்டே வந்தது. ஒட்டிய இடத்தில் ஒரு கோடு தெரியும். அதில் புட்டி வைத்துக் காயவிட்டுத் தேய்க்க வேண்டும், மறுபடி வைத்து மறுபடி தேய்க்க வேண்டும். சுவர் இடிக்கும் சத்தத்தில் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு அந்த நாள்கள் நன்றாகவே போயின.

எதிர்வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். இடிந்த சமையலறையைப் பார்க்க வந்தவர், வாசலிலேயே நின்று அக்காவைக் கேட்டார்.

"ஏம்மா, அன்னைக்குக் காலையில உங்க சமையல்கட்டுல வேற யாரு இருந்தா?"

"வாஷர் அண்ணன்தான் டீச்சர். குழாய் சரிபண்ண வந்தாரு."

"அவ்வளவுதான். நான் ஒண்ணும் சொல்லலை."

அவர் சொல்லாத அந்த ஒன்று, இருட்டுவதற்குள் தெருவின் கடைசி வீடு வரை போய்விட்டது.

தெருமுனையில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே வாஷர் அண்ணனை நிரந்தரமாக வேலைக்கு எடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். இனி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம், எனக்கு என்று ஓர் அறை, ஓர் அலமாரி, அலமாரிக்குச் சாவி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே அவர் போட்டிருக்கும் நீலச் சட்டை அந்த வேலைக்கென்று தைத்தது. குடியிருப்புச் செயலாளர் "கொஞ்ச நாள் போகட்டுமே" என்று சொல்லிவிட்டாராம். வாஷர் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"அக்கா, நான் எடுத்திருந்தா உங்க வீட்டுச் சாக்கடையில நானே எதுக்குக்கா இறங்கப் போறேன்?"

அதற்குப் பதில் எதிர்வாசலில் இருந்த டீச்சரிடம் இருந்தது. "நடிப்பு" என்றார்.

நான் கல்நெஞ்சன் அல்ல. அறைக்குள் போய் யோசித்தேன். மூக்கை அறுப்பது என்ற எண்ணமும் ஒரு நிமிடம் வந்தது. ஆனால் அதற்குள் கோட்டைத் தேய்த்து முடித்திருந்தேன். நகத்தை வைத்து இழுத்தாலும் தட்டாது. இரண்டு பாதிகள் என்று சத்தியம் செய்தால்கூட நம்ப முடியாது. நீங்கள் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் புரியும். வேண்டாம், தொட வேண்டாம். பார்த்தாலே புரியும்.

அப்போதுதான் அத்தானின் மோதிரம் ஞாபகம் வந்தது. ஜோடியில் இன்னொன்று. கல்யாணத்தின்போது அவர் குச்சி மாதிரி இருப்பார். இப்போது அந்த மோதிரம் அவருக்குச் சுண்டுவிரலில்கூட நுழையாது. பீரோவில் கைக்குட்டைகளுக்கு அடியில் சும்மா கிடந்தது. அதை எடுத்தேன். புதிதாகப் பொருத்திய சிங்குக்குள் போட்டேன். கூடவே ஒரு துணிக் கிழிசலையும் தள்ளினேன். பிறகு "அக்கா, தண்ணி இறங்க மாட்டேங்குது" என்று குரல் கொடுத்தேன்.

வேறு ஆள் கிடைக்காததால் அக்கா மனமில்லாமல் வாஷர் அண்ணனையே கூப்பிட்டாள். டீச்சரும் மேற்பார்வைக்கு வந்து நின்றார். வாஷர் அண்ணன் வளைகுழாயைக் கழற்றி வாளியில் கவிழ்த்தார். டங்கென்று விழுந்தது. பிறகு அக்கா அழுதாள், வாஷர் அண்ணன் வாளியைக் கட்டிக்கொண்டு அழுதார், அத்தான் மூக்கைச் சிந்தினார். நானும் கொஞ்சம் அழுதேன். எல்லோரும் அழும்போது ஒருவன் மட்டும் சும்மா நின்றால் தப்பாக நினைப்பார்கள்.

அக்கா மோதிரத்தைப் போட்டுப் பார்த்தாள். தொளதொளவென்று சுற்றியது.

"ஏங்க, இங்க பாருங்க. நான் இளைச்சுட்டேங்க!"

"நான் அப்பவே சொன்னேன்ல, மோதிரக் கவலையே உனக்கு மருந்துன்னு" என்றார் அத்தான்.

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அந்த ஒன்றுக்காகவே நான் செய்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன். குடியிருப்பிலிருந்து வாஷர் அண்ணனுக்குத் தகவல் வந்தது, வரச் சொல்லி. நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். எல்லாக் கணக்கும் நேராகிவிட்டது. நான் விமானத்துக்கு இரண்டாம் பூச்சு பூச ஆரம்பித்தேன்.

அத்தான் சும்மா இருந்திருந்தால் இங்கே இந்த நாற்காலியில் நான் இல்லை. மனைவி இளைத்துவிட்டாள் என்றதும் அவருக்குப் போட்டி வந்துவிட்டது. அவரும் காலையில் வேகமாக நடக்க ஆரம்பித்தார், சர்க்கரையை விட்டார், கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நிற்க ஆரம்பித்தார். "இப்ப என் மோதிரமும் எனக்குச் சேரும் பாரு" என்று பீரோவைத் திறந்தார்.

இனி நடந்தது உங்களுக்குத் தெரியும். டீச்சர் வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல் தடவை பார்த்தப்ப அங்க இல்லைன்னு அவன் வாயாலயே சொன்னான். ரெண்டாவது தடவை அதே குழாய்ல எப்படிம்மா வந்துச்சு? மாட்டிக்குவோம்னு பயந்து ஒண்ணை வச்சுட்டான். வச்ச கையோட இன்னொண்ணை எடுத்துட்டான். நான் ஒண்ணும் சொல்லலை."

கேட்கக் கேட்க எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அவ்வளவு கோவையாகச் சொன்னார். அத்தான் உட்கார்ந்து உங்களுக்குப் புகார் எழுதினார். தன் மோதிரம் எப்படி இருக்கும் என்று விவரிக்க வேண்டிய இடம் வந்ததும், பக்கத்தில் இருந்த அக்காவின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். "அச்சு அசல் இதே மாதிரி" என்று முடித்தார்.

ஆகவே இரண்டாவது மோதிரம் எங்கும் போகவில்லை, மேடம். அக்கா விரலில் இருக்கிறது. முதல் மோதிரம் இந்தப் பெட்டிக்குள், விமானத்தின் மூக்கில் இருக்கிறது. எடுத்தவன் நான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் காணாமல் போனது ஒன்றுகூட இல்லை. இரண்டும் குடும்பத்துக்குள்ளேயே இருக்கின்றன. வாஷர் அண்ணன் செய்த ஒரே காரியம் வாஷர் மாற்றியதுதான்.

இதை ஏன் நேற்றே வந்து சொல்லவில்லை என்கிறீர்கள். நேற்று நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் இறக்கையில் அந்த நாட்டுச் சின்னம் அச்சடித்த முத்திரைத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீரில் ஊறவைத்த முத்திரையைப் பாதியில் விட்டால் சுருண்டுவிடும். இன்று காலையில் உங்கள் காவலர் வந்து, நாளைக்கு வீடு முழுக்கச் சோதனை போடுவோம், ஒரு பெட்டி விடாமல் பிரித்துக் கொட்டுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். பூச்சு இன்னும் சரியாகக் காயவில்லை. உடனே கிளம்பி வந்துவிட்டேன். அதாவது, வாஷர் அண்ணனை நினைத்தும்தான்.

திறந்து காட்டுகிறேன். மூச்சை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் விடுங்கள். பார்த்தீர்களா, எப்படி நிற்கிறது.

அறுத்துப் பார்க்காமல் விட முடியாது என்கிறீர்கள். புரிகிறது. என் வாய்ச்சொல் மட்டும் போதாது, மோதிரம் கண்ணால் தெரிந்தால்தான் அவரை விட முடியும். உங்கள் காவலர் ரம்பம் தேட எழுந்து போனதை நானும் பார்த்தேன். அவர் வருவதற்குள் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் மோதிரம் மோதிரம் என்கிறீர்கள். நானும் பேச்சு வாக்கில் அப்படியே சொல்லிவிட்டேன். மூக்கின் குழி மொச்சைக்கொட்டை அளவு என்று சொன்னேன் இல்லையா. மோதிரம் வட்டமாக இருந்தது. வட்டம் உள்ளே போகவில்லை. அதனால் வட்டத்தை எடுத்துவிட்டேன். கம்பி வெட்டும் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கி, சுத்தியலால் தட்டி, குழிக்குத் தகுந்த மாதிரி உருட்டினேன். கொடி வேலைப்பாடு கொஞ்சம் இடத்தை அடைத்தது, அதையும் தட்டிச் சமப்படுத்திவிட்டேன். ஆகவே நீங்கள் அறுத்தாலும் உள்ளே மோதிரம் இருக்காது. ஓர் உருண்டை இருக்கும். அக்கா அதைப் பார்த்தால் அடையாளம் சொல்ல மாட்டாள், அழ மட்டும்தான் செய்வாள். இளைத்த சந்தோஷமும் போய்விடும். ஓர் உருண்டைக்காக ஒரு விமானத்தையும் ஒரு பெண்ணின் நிம்மதியையும் சேர்த்து அறுக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

நான் தண்டனைக்குப் பயந்தவன் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன், மனது லேசாக இருக்கிறது. கையெழுத்தும் போடுகிறேன். ஒரே சிக்கல், ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. இன்றே என்னை உள்ளே வைத்தால் இதைக் கூடத்துக்கு யார் எடுத்துப்போவது? அத்தான் எடுத்துப்போனால் காற்றாடியைப் பிடித்துத் தூக்குவார். டாக்டர் வந்து எடுத்துப்போவார், ஆனால் போகிற வழியில் ஏதாவது சொல்வார்.

அதனால் நான் யோசித்தது இதுதான். பரிசு அறிவித்ததும், சாயங்காலமே, நானே இங்கு வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். ரம்பத்தையும் நானே கொண்டுவருகிறேன், உங்களுடையது துருப்பிடித்திருக்கும். அதுவரைக்கும் உங்களுக்கு யாராவது ஒருவர் கணக்குக்கு வேண்டும் என்றால் வாஷர் அண்ணன் இருக்கிறார். எப்படியும் உட்கார்ந்துதான் இருக்கிறார். வேண்டுமானால் நானே வெளியே போய் அவரிடம் பேசுகிறேன். தங்கமான மனிதர், சொன்னால் புரிந்துகொள்வார். இப்போதைக்கு அவருக்கும் வெளியே வேலை ஒன்றும் கிடையாது, மேடம். யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.